டிரான்ஸ்பார்மர் எறக்குன நாளு

கோர்ட்டுலேருந்துதானே வர்றீங்க சார்? கையில கேஸ் கட்டு இருக்கே, அதான் கேட்டேன். எடத் தகராறா? ம். எடத் தகராறுன்னா இழுக்கும். நம்மளது அடிதடி. அட, ஏன் நகர்றீங்க, நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நான் அடிதடி ஆளு கெடையாது. எங்க ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க, கொளஞ்சி எப்படின்னு. ஒருத்தன் தப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டான். சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்.

கொளஞ்சிநாதன்னு முழுசாக் கூப்புடுறது கோர்ட்டு டவாலி மட்டும்தான். மத்தவங்களுக்குக் கொளஞ்சி மேஸ்திரி. இந்தா இருக்கே சிமெண்ட்டு ஆலை, பொகை தெரியுது பாருங்க, அங்க சாமான் எறக்குற மேஸ்திரி நான். சொந்தமா ஒரு கிரேனு, கூட ஒரு கும்பல் ஆளுங்க. கரண்டு சம்பந்தமா கனமான சாமான் எது வந்தாலும், மோட்டாரு, பேனலு, கேபிள் சுத்துன டிரம்மு, எல்லாம் என் ஆளுங்க கைபட்டுத்தான் தரையைத் தொடணும். நான் போறதுக்கு முன்னாடி அங்க வேற ரெண்டு கோஷ்டி எறக்கிக்கிட்டு இருந்தானுங்க. பேசித்தான் அனுப்புனேன். ஒருத்தன் மட்டும் பேச்சுல புரியாதவன், அவனுக்குக் கால்ல கொஞ்சம் ஊனமாப் போச்சு. அவன்கூட இப்ப என்னை எங்க பார்த்தாலும் நின்னு கும்பிட்டுட்டுத்தான் போவான். அவ்வளவு மரியாதை.

ஆலையில ஒரு நடைமுறை இருக்கு சார். லாரி கேட்டுக்குள்ள வந்ததும், ஸ்டோர்ஸ்லேருந்து இன்ஸ்பெக்சன் ஆளு வந்து சாமானை வண்டியிலேயே வச்சுப் பார்க்கணும். அடிபட்டிருக்கா, நனைஞ்சிருக்கா, நாம கேட்டதுதான் வந்திருக்கான்னு. அவரு சரின்னு சொன்னாத்தான் நாங்க கயித்தை மாட்டணும். பேச்சுக்கு அப்படி. நடந்தது என்னன்னா, நாங்க எறக்குவோம், அவரு சாப்பிட்டுட்டு மெதுவா வந்து பார்ப்பாரு. பழைய இன்ஸ்பெக்சன் சாரு தங்கமான மனுசன். நான் நிக்கிற எடத்துல அவரு நிக்கவேமாட்டாரு.

அவரு ரிட்டயர்டு ஆகிப் போனாரு. புதுசா வந்தவன் பேரு இருதயராஜ். மணப்பாறைப் பக்கத்து ஆளு. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, வாயைத் தொறந்தா அண்ணே அண்ணேன்னுதான் பேசுவான். எனக்குப் புடிச்சிருந்துச்சு. படிச்சவன், நம்மளை அண்ணேன்னு கூப்புடுறான்ல. ஆனா வேலைன்னு வந்தா அந்த ஆளு வேற மாதிரி. ஐப்பசி மழை கொட்டுது, என் ஆளுங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கிறானுங்க, இவன் கொடையைப் பிடிச்சுக்கிட்டு லாரி மேல ஏறி பாலித்தீனைப் பிரிச்சு டார்ச் அடிச்சுப் பார்ப்பான். மோட்டார் வந்துச்சுன்னா தண்டைக் கையால சுத்தி, காதை வச்சுக் கேட்பான். ஒருதடவை உரசுற சத்தம் வருதுண்ணேன்னு சொல்லி வண்டியை அப்படியே திருப்பி அனுப்பிச்சுட்டான். நான் சிரிச்சேன். என் ஆளுங்க என் மூஞ்சியையே பார்த்தானுங்க, நான் சிரிக்கிறதைப் பார்த்துத்தான் அவனுங்களுக்குப் பயம் வந்துச்சாம். ஏன்னு தெரியலை.

அப்புறம் ஒருநாளு பேனல் வந்துச்சு. பேனல்ங்குறது பீரோ மாதிரி உசரமா இருக்கும் சார், உள்ள பூரா சுவிட்சும் கம்பியும். என் ஆளு பிச்சமுத்துன்னு ஒருத்தன், எறக்குறப்போ கை வழுக்கி விட்டுட்டான். மூலை நசுங்கிப் போச்சு. ஊரு பூராப் பார்த்துக்கிட்டு நிக்கிது. நான் என்ன செய்வேன், ஒரு அறை விட்டேன். ஒன்னே ஒன்னு. காதுலேருந்து ரத்தம் வந்துருச்சு. அதுக்கு இந்த இருதயராஜு ஓடிவந்து அவனைத் தன் பைக்ல பின்னாடி உக்காரவச்சு ஜி.ஹெச்சுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். காதுச் சவ்வு கிழிஞ்சிருச்சாம். எங்க ஆளுக்கு அடிபட்டா எங்களுக்குப் பார்க்கத் தெரியாதா? மறுநாளு வந்து என்கிட்ட சொல்றான், "அண்ணே, அவனை அடிக்காதீங்கண்ணே. மழையில தரை வழுக்குது. பேனலுக்கு வேற ஆர்டர் போட்டுக்கலாம்."

நான் சொன்னேன், "சாரு சாமானைப் பாருங்க. ஆளுங்களை நான் பார்த்துக்குறேன்."

அதுக்கும் சரிங்கண்ணேன்னுட்டுப் போயிட்டான்.

என் தம்பியைப் பத்திச் சொல்லணும். அறவாழின்னு பேரு. கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தான். ஐ.டி.ஐ. படிக்கவச்சு, அதே ஆலையில சப்ஸ்டேசன்ல வயர்மேன் வேலை வாங்கிக் குடுத்தேன். சப்ஸ்டேசன்னா வெளியிலேருந்து வர்ற கரண்ட்டைக் கொறச்சு ஆலைக்குள்ள அனுப்புற எடம். அவன் பொண்டாட்டி அம்சவல்லியும் அங்கதான், ஸ்டோர்ஸ் யார்டுல கூட்டிப் பெருக்குற வேலை. அதுவும் நான் சொல்லித்தான். குடும்பத்தையே நான் தூக்கி நிறுத்துனேன்னு வைங்க. அறவாழி சின்னப்புள்ளையிலேருந்து என்கிட்ட அடி வாங்கித்தான் வளர்ந்தான். அடிக்கலேன்னா படிச்சிருக்கமாட்டான். அவன் கல்யாணத்தன்னைக்குக்கூட, தாலி கட்டுறதுக்கு முன்னாடி எங்கேயோ நின்னு பீடி குடிச்சான்னு ஒன்னு குடுத்தேன். அம்சவல்லி மணையில உக்காந்து அதைப் பார்த்துச்சு. அன்னையிலேருந்து அது என்னை நிமிர்ந்து பார்க்காது. அடக்கமான பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டேன்.

இருங்க, கண்டக்டர் வர்றாரு. எனக்கு எடுத்தாச்சு. நீங்க எடுத்துக்கங்க.

ஆலையில புதுசா ஒரு பெரிய மில்லு போட்டானுங்க. அதுக்குக் கரண்டு குடுக்க டிரான்ஸ்பார்மர் ஒன்னு வடக்கேருந்து வந்துச்சு. நம்ம தெருமுனையில கம்பத்துல தொங்குதே, அது இல்ல. இது ஒரு வீடு மாதிரி இருக்கும். டிரெய்லர்ல ஏத்தி, முன்னாடி ஒரு ஜீப்பு, பின்னாடி ஒரு ஜீப்புன்னு ஊர்கோலம் மாதிரி வந்துச்சு. அதைத் தூக்க என் கிரேன் பத்தாதுன்னு நெய்வேலியிலேருந்து பெரிய கிரேன் வரவழைச்சேன். ஆபீஸ் பூரா வெளிய வந்து நிக்கிது. பொம்பளைங்க, கேண்டீன் ஆளுங்க, எல்லாரும். நான் புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனேன் சார். சிரிக்காதீங்க. அது மாதிரி சாமான் இந்தப் பக்கத்துல யாரும் எறக்குனது கெடையாது. எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி, கயித்தை எடுங்கடான்னு சொல்லி வாயை மூடலை, இருதயராஜு ஏணி போட்டு மேல ஏறுறான்.

அந்த டிரான்ஸ்பார்மர் எண்ணெய் இல்லாமத்தான் வரும். எண்ணெய்க்குப் பதிலா உள்ள ஒரு வாயுவை அடைச்சு அனுப்புவாங்க, காத்து, ஈரம் எதுவும் உள்ள போகக்கூடாதுன்னு. அந்த வாயு இருக்கா இல்லையான்னு காட்ட மேல ஒரு கேஜு வச்சிருப்பாங்க, வாட்ச் மாதிரி, முள்ளோட. இவன் அதைப் பார்க்குறான். தட்டிப் பார்க்குறான். மறுபடி பார்க்குறான். எறங்கி வந்து, டிரெய்லர் தட்டுல குனிஞ்சு கையால தடவுறான். அப்புறம் என்கிட்ட வந்து மெதுவாச் சொல்றான், "அண்ணே, எறக்க வேணாம்ணே."

"ஏன்?"

"முள்ளு பூஜ்யத்துல நிக்குது. வாயு பூரா வெளிய போயிருச்சு. இது வண்டியிலேயே நகர்ந்து எங்கேயோ முட்டியிருக்கு, தட்டுல கீறல் இருக்கு பாருங்க. மழைக் காத்து உள்ள போயிருக்கும். உள்ள கம்பிச் சுருள் பூரா காகிதம் சுத்தியிருக்கும்ணே, அது ஈரத்தைக் குடிச்சிரும். இதுக்குக் கரண்ட் குடுத்தா வெடிச்சிரும்."

"எறக்கி வச்சுட்டுப் பாரேன்."

"எறக்குனா நாம வாங்கிக்கிட்டதா ஆயிரும்ணே. அப்புறம் எப்படியாவது ஓட்டிரலாம்னுதான் மேல உள்ளவங்க பார்ப்பாங்க. வண்டியிலேயே இருக்கட்டும். கம்பெனி ஆளு வந்து பார்க்கட்டும்."

எல்லாரும் பார்க்குறாங்க சார். அத்தனை பேரும். சூடம் இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. கிரேன் ஆபரேட்டர் நெய்வேலிக்காரன், அவன் என்ன மேஸ்திரி, உங்க ஊர்ல உங்க பேச்சு எடுபடாதான்னு சிரிக்கிறான். நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

நான் அப்பவும் பொறுமையாத்தான் இருந்தேன். நேரா டிரெய்லர் டிரைவர்கிட்டப் போனேன். ராஜஸ்தான்காரன், தலைப்பாகை கட்டுன கெழவன். இருதயராஜு அவன்கிட்ட நல்லவிதமாத்தான் கேட்டிருக்கான், வழியில என்ன ஆச்சுன்னு. அவன் கல்லு மாதிரி நிக்கிறான். நல்லவிதமாக் கேட்டா யாரு சொல்லுவா? நான் அவன் தலைப்பாகையை உருவி, அதாலேயே கழுத்துல ஒரு சுத்து சுத்தி, பம்பர்ல ரெண்டு தடவை மூஞ்சியைச் சாத்துனேன். பல்லு ஒன்னு கீழ விழுந்துச்சு. உடனே சொல்லிட்டான். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னாடி மாடு குறுக்க வந்துச்சாம், பிரேக் அடிச்சானாம், சங்கிலி அத்துக்கிட்டு டிரான்ஸ்பார்மர் முன்னாடி நழுவி முட்டுச்சாம். பயந்துக்கிட்டு வேற சங்கிலி போட்டுக் கட்டி ஓட்டிக்கிட்டு வந்துட்டானாம்.

உண்மையை யாரு வாங்குனா? நான்தானே? அந்தப் படிச்ச ஆளுக்கு வாங்கத் தெரிஞ்சுச்சா? ஆனா ஒரு நன்றி சொல்லணுமே. இருதயராஜு அந்தக் கெழவனைத் தூக்கி உக்காரவச்சு வாயைத் துடைச்சுவிட்டுக்கிட்டே சொல்றான், "பார்த்தீங்களாண்ணே, அதான் சொன்னேன். எறக்கக்கூடாது."

பெரிய மேனேஜருக்குப் போன் போட்டேன். ஆபீஸ் மாடி ஜன்னல்ல நிக்கிறாரு, எனக்கு இங்கேருந்து தெரியிது. அவரு சொன்னாரு, "மில்லு ஓட வேண்டிய தேதி வந்துருச்சு கொளஞ்சி. நீ எறக்கு. அந்தாளை நான் பார்த்துக்குறேன்." அப்படியே ஜன்னல் திரையை இழுத்து விட்டுட்டாரு. பெரிய மனுசன், அவருக்கு ஆயிரம் சோலி.

நான் கயித்தை மாட்டச் சொன்னேன். இருதயராஜு என்ன செஞ்சான் தெரியுமா? மறுபடி டிரெய்லர் மேல ஏறி, கயிறு மாட்டுற கொக்கிக்குப் பக்கத்துல உக்காந்துட்டான். சத்தம் போடலை, ஒன்னும் இல்ல. சும்மா, பஸ்ஸுக்குக் காத்திருக்குற மாதிரி உக்காந்துட்டான். "நான் எறங்கமாட்டேன்ணே. நீங்க அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க"ன்னு சொன்னான்.

என் ஆளுங்க யாரும் மேல ஏறமாட்டேங்குறானுங்க. அந்தப் பிச்சமுத்து, காது கேக்காதவன், அவன் கயித்தைக் கீழ போட்டுட்டுப் பின்னாடி போயி நின்னுக்கிட்டான். அதான் சார் எனக்குத் தாங்கலை.

நானே ஏறுனேன். காலைப் புடிச்சு இழுத்தேன். அவன் கொக்கியைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். விடுடான்னேன். விடலை. கையில கடப்பாரை இருந்துச்சு, சாமான் நெம்புறதுக்கு வச்சிருக்குறதுதான், அடிக்கன்னு கொண்டுபோகலை. கொக்கியிலேருந்து கை எடுக்கட்டும்னு கை மேல போட்டேன். முழங்கைக்குக் கீழ, பச்சை மூங்கில் முறியிற மாதிரி ஒரு சத்தம். அப்பவும் இன்னொரு கையால புடிச்சிருக்கான் சார். எவ்வளவு அழுத்தம் பாருங்க. அந்தக் கையிலயும் ஒன்னு. கீழ விழுந்தான். கண்ணாடி தெறிச்சுப் போச்சு. விழுந்தவன் பேசாமக் கெடக்கணும்ல? எந்திரிச்சு டிரெய்லர் சக்கரத்துக்கிட்ட வர்றான், ரெண்டு கையும் தொங்குது, வர்றான். நெஞ்சுல மிதிச்சேன். எத்தனை மிதின்னு தெரியாது. அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டலை. அதுதான் கோவத்தைக் கெளப்புது. திட்டியிருந்தா விட்டிருப்பேன்.

அப்பத்தான் சப்ஸ்டேசன்லேருந்து அறவாழி ஓடி வந்தான். பின்னாடியிலேருந்து என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "அண்ணே, விடுண்ணே, செத்துருவாருண்ணே." நான் முழங்கையால பின்னாடி ஒரு இடி. மூக்கு ஒடைஞ்சு சட்டை பூரா ரத்தம். அப்பவும் விடலை. அழுதுக்கிட்டே சொல்றான், "அவரு சொல்றது நெசம்ணே. அதுல ஈரம் ஏறியிருக்கு. அதுல வேலை பார்க்கப்போறது நான்ணே. அது பக்கத்துல நிக்கப்போறது நான்."

சொன்னான் சார். இல்லேங்கலை. அந்தச் சூட்டுல யாருக்குக் காது கேக்கும்?

எறக்குனோம். ஒரு கீறல் இல்லாம, பூ மாதிரி எறக்குனோம். இருதயராஜை ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிச்சாச்சு. அவன் சீட்டுல வேற ஒரு ஆபீசர் உக்காந்து, சாமான் நல்லபடியா வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லிட்டாரு. சாயங்காலம் என் ஆளுங்களுக்கெல்லாம் பிரியாணி போட்டேன். பிச்சமுத்து மட்டும் வரலை. அவனை வேலையை விட்டு நிப்பாட்டிட்டேன்.

எண்ணெய் ரொப்புனாங்க. எண்ணெயைச் சூடு பண்ணிச் சுத்தவிட்டா ஈரம் போயிரும்னு சொன்னாங்க. போதும் போதும்னு அதையும் பாதியில நிப்பாட்டிட்டாங்களாம், அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? மில்லு தொடங்குறன்னைக்குப் பந்தல் போட்டு, நாயனம் வச்சு, என்னை மொத வரிசையில உக்காரவச்சாங்க. அறவாழி உள்ள நிக்கிறான், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். மூக்கு வீக்கம் அப்பத்தான் வடிஞ்சிருந்துச்சு. என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டுனேன். அவன் காட்டலை. வேலையில இருந்தான்ல.

கரண்ட் குடுத்தாங்க. மொதல்ல ஒரு உறுமல். எல்லாரும் கை தட்டுனாங்க. அப்புறம் உள்ள யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், இன்னொன்னு, அப்புறம் அந்த வீடு மாதிரி டிரான்ஸ்பார்மர் அப்படியே வாயைப் பொளந்துருச்சு சார். எரியிற எண்ணெய் மழை மாதிரி கொட்டுது. பந்தல் புடிச்சுக்கிச்சு. சனம் ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு ஓடுது. நான் ஓடலை. வேலியைப் பிச்சுக்கிட்டு உள்ள போனேன். அவன் நடந்து வந்தான். என் தம்பி, நடந்து வந்தான், மேல பூரா தீயோட, அண்ணேன்னு கூப்புட்டுக்கிட்டு. நான் கட்டிப் புடிச்சு மண்ணுல உருட்டுனேன். இந்தாப் பாருங்க கையை. இது அன்னைக்கு ஆனது. கையைப் புடிச்சுத் தூக்குறேன், தோலு கையொறை மாதிரி என் கையோட வருது.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். அம்சவல்லி வண்டிக்குள்ள அவன் தலைமாட்டுல உக்காந்திருக்கு. நான் முன்னாடி. டிரைவர் மெதுவாப் போறான். வேகமாப் போடாங்குறேன், ரோடு குண்டும் குழியுமா இருக்கு, ஆட்டக்கூடாதுங்குறான். நான் ஒரு அறை விட்டேன். அவன் வண்டியை ஓரங்கட்டி எறங்கி நின்னுட்டான். எடுக்கவேமாட்டேன்னுட்டான். அந்தப் பொண்ணு எறங்கி வந்து அவன் கால்ல விழுந்து கெஞ்சிக் கூப்புட்டுச்சு. எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியலை. அந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் வேலைக்கு வைக்கிறாங்க பாருங்க, அதைச் சொல்லணும்.

ஆஸ்பத்திரி வாசல்ல அறவாழி போயிட்டான்.

கொஞ்சம் இருங்க சார். தண்ணி இருக்கா? இல்லையா. பரவாயில்ல.

காரியம் நடக்குது. தப்பு அடிக்கிறானுங்க, பாடை கட்டியாச்சு. கூட்டத்தை விலக்கிக்கிட்டு இருதயராஜு வர்றான். ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு. அவன் பொண்டாட்டி தோளைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வருது. மாலைகூட அந்தப் பொண்ணு கையிலதான். எனக்கு எப்படி இருக்கும்? போயி கழுத்தைப் புடிச்சேன். "தெரிஞ்சவன் நீ. வெடிக்கும்னு தெரிஞ்சவன். கொஞ்சம் அழுத்தமாச் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேன்ல. ஏன்டா மெதுவாச் சொன்ன?"

நியாயந்தானே சார்? அண்ணே அண்ணேன்னு கொழையிறவன் சொன்னா ஒரு வெசயம் மனசுல ஏறுமா? ஓங்கிச் சொல்லணும். சண்டை போடணும். அப்படிச் சொல்லியிருந்தா என் தம்பி இருந்திருப்பான். அவன் கோழைத்தனத்தாலதான் போனான். இதை நான் எந்தக் கோயில்ல வேணாலும் சொல்வேன்.

அவன் கழுத்து என் கையில இருக்கு, அவனால தடுக்க முடியாது, கையில கட்டு. அழுவுறான். எனக்குப் பயந்து இல்ல, அறவாழிக்காக. அப்ப தலையில ஒரு அடி விழுந்துச்சு. திரும்பிப் பார்த்தா அம்சவல்லி. பாடைக்கு வெட்டுன மூங்கிலு கையில. தலைவிரி கோலமா நிக்கிது. "சொன்னாரு. இவரும் சொன்னாரு, என் வீட்டுக்காரரும் சொன்னாரு. கேக்காதவன் நீ ஒருத்தன்தான்." மறுபடி அடிச்சுச்சு. மாமான்னுதான் கூப்புடும் என்னை. அன்னைக்கு நீ. ஊரு பார்த்துக்கிட்டு நிக்கிது, ஒருத்தன் தடுக்கலை. என் புருவத்துல இந்தத் தழும்பு அதுதான்.

நான் திருப்பி அடிக்கலை. ஒரே ஒரு தள்ளு. பாடை மேல போயி விழுந்துருச்சு.

அப்புறம் கேஸு. அதைப் பாடை மேல தள்ளுனதுக்கா, இல்ல. இருதயராஜை அடிச்சதுக்கு. சாட்சி எவனும் வரலை. என் ஆளுங்க அத்தனை பேரும் அன்னைக்கு லீவுன்னு சொன்னானுங்க. அந்த நெய்வேலிக்காரன் கிரேன் கண்ணாடி மழையில மறைச்சுருச்சுன்னான். பெரிய மேனேஜரு வெளியூர்ல இருந்தேன்னாரு. டிரெய்லர் டிரைவரை எந்த ஊர்ல போயித் தேடுறது? எங்க வக்கீலு பலே கெட்டிக்காரரு, வெறுங்கையோட வெளிய வந்துருவ கொளஞ்சின்னு தட்டிக் குடுத்தாரு. இருதயராஜு மட்டும் சொல்றான், கையி முழுசா மடங்கலை இன்னும், கூண்டுல ஏறி என்னைப் பார்த்து, "அண்ணன்தான் அடிச்சாரு"ன்னான். கோர்ட்டுலயும் அண்ணன். அவன் ஒருத்தன் சொல்லு நிக்காதுன்னாரு வக்கீலு.

இன்னைக்குக் கடைசி சாட்சின்னு கூப்புட்டாங்க. யாருன்னு பார்த்தா அம்சவல்லி. அதுவாவே போலீஸ் ஸ்டேசனுக்குப் போயி, நான் பார்த்தேன், நான் சொல்றேன்னு சொல்லியிருக்கு. பிச்சமுத்து கூடப் போயிருக்கான். அன்னைக்கு யார்டுல கூட்டிக்கிட்டு இருந்துச்சாம். எல்லாத்தையும் பார்த்துச்சாம்.

எங்க வக்கீலு எந்திரிச்சு, "புருசன் செத்த கோவத்துல, புருசனோட அண்ணன் மேல பழி போடுற. சொத்துத் தகராறு எதுவும் இருக்கா?"ன்னாரு.

"கோவம் இருக்குங்க. அதுக்காகப் பொய் சொல்லலை" அப்படின்னுச்சு. "இவரு அந்தச் சாரைக் கடப்பாரையால ரெண்டு கையிலயும் அடிச்சாரு. விழுந்தவரை மிதிச்சாரு. என் வீட்டுக்காரரு தடுக்க வந்தாரு, அவரு மூக்கை ஒடைச்சாரு. என் வீட்டுக்காரரு அண்ணன்கிட்ட கடைசியாப் பேசுனது அன்னைக்குத்தான். நான் அங்க தொடப்பத்தோட நின்னேன். அன்னைக்கு நானும் ஓடிப்போயி தடுத்திருக்கணும். பயந்துக்கிட்டு நின்னேன். அதுக்காகத்தான் இன்னைக்கு வந்தேன்."

ஜட்ஜு எழுதிக்கிட்டே இருந்தாரு. வக்கீலு உக்காந்துட்டாரு. தீர்ப்புக்குத் தேதி போட்டிருக்கு. வெளிய வந்து கேட்டா, உள்ள போகத் தயாரா இருன்னு சொல்றாரு மனுசன், வேற எங்கேயோ பார்த்துக்கிட்டு.

இப்பச் சொல்லுங்க. வேலை வாங்கிக் குடுத்தவன் நான். தாலி எடுத்துக் குடுத்தவன் நான். என் தம்பிக்காக வெந்த கை இது. சொந்த ரத்தம் பார்க்காம, எவனோ மணப்பாறைக்காரனுக்காகக் கூண்டுல ஏறுதே, இதை எங்க போயிச் சொல்றது?

அந்தா, டிரைவருக்குப் பின்னாடி சீட்டு. நீலச் சேலை. அதான். எங்க ஊருக்கு இந்த நேரத்துக்கு இது ஒரு வண்டிதான், அதுவும் ஏறித்தானே ஆவணும். ஏறும்போது என்னைப் பார்த்துச்சு. கேக்கட்டும்னுதான் கொஞ்சம் சத்தமாவே சொன்னேன் இவ்வளவும். திரும்பலை பாருங்க. கழுத்துகூட அசையலை.

எங்க எந்திரிக்குது? இது எங்க ஸ்டாப்பிங் இல்லையே. இது சுண்ணாம்புக் கல்லு வெட்டுற குழிக்குப் போற கைகாட்டி. இங்கேருந்து ஊருக்குக் காட்டு வழியில ரொம்பத் தூரம் நடக்கணும். ஒரு வீடு வாசல் கெடையாது. என்கூட ஒரே எடத்துல எறங்கக் கூசுதாம். நான் என்ன புலியா?

சரி சார், நானும் எறங்கிக்கிறேன். ஒத்தையில போகுதுல. ஒரே ஒரு கேள்விதான் கேக்கணும் அதுகிட்ட. நேருக்கு நேரா, யாரும் இல்லாம. காலை மடக்கிக்கங்க.

கையை விடுங்க சார்.

என்ன சார் இது, கையைப் போயிப் புடிச்சுக்கிட்டு? உங்களுக்கு ஏன் வேர்க்குது? நான் அதை என்ன பண்ணிருவேன்? என் தம்பி பொண்டாட்டி. பேசத்தான் போறேன். கண்டக்டர், விசில் அடிக்காதய்யா, ஆளு எறங்கணும். சார், நல்லதனமாச் சொல்றேன். கையை விடுங்க.

விடுங்க.

போச்சு. எடுத்துட்டான் வண்டியை. அந்தாப் போகுது பாருங்க அம்சவல்லி, வேகமா. இப்ப ஓடுது. யாரு வெரட்டுறா?

சரி, விடுங்க, இப்பவாவது விடுங்க. வலிக்குது, வெந்த கை அது. யாரு எவருன்னு தெரியாத ஆளு நீங்க, நடு பஸ்ஸுல, இத்தனை பேரு பார்க்க என் கையைப் புடிச்சு உக்காரவச்சுட்டீங்க. பார்த்தீங்கல்ல சார், உங்களை நான் ஒரு அடி அடிச்சனா?